முதலில் பிரேக்

பழைய காடியை ஒரிஜினலாக வைத்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. புரோட்டோன் சாகாவில் எது ஒரிஜினல்? 1985 ஜூலை 9ஆம் தேதி நாட்டின் முதல் தேசியக் காடியாக அது அறிமுகமானபோது, அடிப்படையில் அது மிட்சுபிஷி லேன்சர் ஃபியோரே. இன்ஜினும் கியர்பாக்சும் ஜப்பான் வடிவமைப்பு. முன்னால் இருந்த பிறையும் நட்சத்திரமும் நம்முடையவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்தவன் செய்ததை எடுத்து நம் தேவைக்கு மாற்றிக்கொள்வது சாகா பிறந்த அன்றே தொடங்கிய பழக்கம். அதனால் கிள்ளானில் ஒருவன் தன் அப்பாவின் சாகாவுக்குள் வேறு இன்ஜினை இறக்கினால், பாரம்பரியம் போச்சே என்று எனக்குப் பதறுவதில்லை. என் கவலை வேறு.

அந்த இன்ஜின் பெரும்பாலும் ஹாஃப்கட்டில் வருகிறது. ஜப்பானில் புதுக் காடிக்கு மூன்றாம் வருடமும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் 'ஷாகென்' சோதனை உண்டு. வயதான காடியை அதில் தேற வைக்கச் செலவு கூடும். நன்றாக ஓடுகிற காடியைக்கூடப் பலர் கைகழுவிவிடுகிறார்கள். அதை முழுதாக இங்கே இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும், வரி கட்ட வேண்டும். நடுவில் அறுத்துவிட்டால் அது காடி இல்லை, உதிரிப் பாகம். இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், டேஷ்போர்ட் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் முன்பாதி கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னரிலிருந்து இறங்கி, மேரு, காப்பார் பக்கத்துக் கடைகளில் அடுக்கடுக்காக நிற்கும். பார்க்கக் கசாப்புக் கடை மாதிரி இருக்கும். ஆனால் அங்கே சுற்றும் பையன்களின் கண்ணில் தெரிவது நகைக்கடை.

அவர்கள் அதிகம் ஆசைப்படும் இன்ஜின்களில் ஒன்று 4ஜி92 மைவெக். 90களின் மிராஜில் வந்தது. 1.6 லிட்டர், டர்போ கிடையாது, ஆனாலும் 175 குதிரைத்திறன். சாகாவின் 1.3 லிட்டர் கார்பரேட்டர் இன்ஜினுக்கு அதில் பாதிகூட இல்லை. ஒரு டன்கூடத் தேறாத உடம்பில் அந்த இன்ஜின் உட்கார்ந்தால் ஃபெடரல் ஹைவேயில் எப்படிப் பறக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கிள்ளானில் ஃபோர்மென். மெக்கானிக்கை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருடைய அப்பா ரயில்வே தொழிலாளி. பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்சில் வளர்ந்தவர் அண்ணன். மைவெக் கனவோடு வருகிற பையன்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"தம்பி, நிப்பாட்டக் காசு வெச்சிருக்கியா?"

பையன் விழிப்பான்.

"ஓட வெக்கிறத நான் பாத்துக்குறேன்டா. நிப்பாட்டணும்ல? அதுக்குக் காசு இல்லன்னா இன்ஜின இறக்க மாட்டேன்."

நான் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு சமன்பாடு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற காடி 120க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. சாகாவுக்கு முன்னால் சின்ன டிஸ்க், பின்னால் டிரம். ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. டிஸ்க்கைப் பெரிதாக்கினால் கேலிப்பரையும் மாற்ற வேண்டும். கேலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதற்கேற்ற மாஸ்டர் பம்ப் வேண்டும், இல்லையென்றால் பெடல் ஆழமாக இறங்கும். பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டினால் காடி சுற்றிவிடும், அந்தப் பங்கீட்டையும் பார்க்க வேண்டும்.

பிறகு பெட்ரோல் குழாய். கார்பரேட்டருக்கு மெல்லிய அழுத்தமே போதும். இன்ஜெக்ஷனுக்குச் சுமார் 3 பார் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸை அப்படியே விட்டு, கொதிக்கிற இன்ஜின் பக்கத்தில் அது கசிந்தால் தீதான். ஆனால் ஹோஸை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. போனட்டைத் திறந்தால் எல்லாரும் பார்ப்பது மைவெக் மூடியை.

காகித வேலையும் இப்படித்தான் விடுபட்டுப்போகிறது. இன்ஜினை முறையாக மாற்ற வழி இருக்கிறது. புஸ்பாகோம் சோதனை, சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி, கிராண்டில் புது இன்ஜின் எண். சாலை வரிக்குப் பயந்து தவிர்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது. 1.3 லிட்டர் காடிக்கு வருடத்துக்கு 70 வெள்ளி, 1.6க்கு 90 வெள்ளி. வித்தியாசம் 20 வெள்ளி. பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட அது பத்தாது. தடுப்பது அலைச்சலும் கவுண்டர் முன்னால் வரும் தயக்கமும்தான். கிராண்டில் ஒரு இன்ஜின், போனட்டுக்குள் இன்னொன்று என்று வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். விபத்து நடந்தால், இழப்பீட்டை மறுக்கக் காப்புறுதிக்காரனுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009 அக்டோபரில் மறுஆய்வு செய்யப்பட்ட தேசிய வாகனக் கொள்கை, 15 வருடம் ஆன காடிகளைக் கட்டாயச் சோதனைக்கு அனுப்பச் சொன்னது. மக்கள் கொதித்தார்கள். அரசாங்கம் விரைவிலேயே அதைக் கைவிட்டது. கொதித்ததில் நியாயம் உண்டு. தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடிகளில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்குச் சாகாதான் சொந்தப் பேரில் வாங்கிய முதல் பெரிய பொருள். சோதனை என்ற சொல் அவர்கள் காதில் பறிமுதல் என்றே விழுந்திருக்கும். ஆனால், தேய்ந்துபோன பிரேக்கை யாராவது ஒருவர் கட்டாயம் பார்த்திருக்கக்கூடிய வாய்ப்பும் அதோடு போய்விட்டது. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து இன்னொன்றைப் பேச எனக்கு முடியவில்லை.

அதே 2009ல்தான் கலிபோர்னியாவில் ராப் டிக்கின்சன் என்பவர் சிங்கர் நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய போர்ஷே 911ஐப் பிரித்து, தோற்றத்தைக் காப்பாற்றி, உள்ளே நவீன உறுப்புகளை வைத்துக் கட்டுகிறார்கள். அதற்கு ரெஸ்டோமோட் என்று மரியாதையான பெயர் இருக்கிறது. பெரும் பணக்காரர்கள் காத்திருந்து வாங்குகிறார்கள். கிள்ளான் பையன் அதையே செய்தால் 'சம்செங் காடி'. பக்கத்து வீட்டு ஆன்ட்டிகூட முகத்தைச் சுளிப்பார். இது எனக்கும் உறைக்கிறது. ஆனால் அங்கே இன்ஜினோடு பிரேக்கும் சேர்ந்து மாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே பல காடிகளில் முதலில் மாறுவது எக்ஸோஸ் சத்தம்.

அண்ணனின் கேள்வியைக் கேட்டதும் பாதிப் பேர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. அவருக்கு நஷ்டம்தான். மிச்சப் பேர் நாலைந்து மாதச் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவார்கள். பட்டறையில் மாட்டிவைக்க அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. வாகனக் கொள்கை எழுதுகிறவர்கள் அவரைப் போன்ற ஆட்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இப்போதெல்லாம் நண்பர்கள் யாராவது போனட்டைத் திறந்து காட்டினால் நான் குனிந்து சக்கரத்துக்குள் பார்க்கிறேன். "இங்க பாருடா, அங்க என்ன பாக்குற?" என்று சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. பார்த்து முடித்துவிட்டு, கிராண்டையும் எடுக்கச் சொல்கிறேன்.