பட்டுவின் கல்லீரல்

உணவு உண்ட சிறிது நேரத்தில் பட்டு சுவரோடு போய் நிற்கத் தொடங்கினாள். மறந்துபோன எதையோ நினைவுபடுத்திக்கொள்ள முயல்பவளைப்போல நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்பாள். மூன்று கிலோவுக்கும் குறைவான யார்க்‌ஷைர் டெரியர், வயது ஒன்றரை. முதலில் நாங்கள் சிரித்தோம் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். புகைப்படம்கூட எடுத்தோம்.

பித்த அமிலப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்த பிறகு, நியூ ஜெர்சியில் எங்கள் கால்நடை மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலுக்குள் சென்று தூய்மையாகவேண்டும். பட்டுவுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்கு இரத்தக்குழாய். இரத்தத்தின் பெரும்பகுதி கல்லீரலைத் தொடாமல் அதன் வழியே இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதிலுள்ள அம்மோனியா மூளையைக் குழப்புகிறது. இந்த இனத்தில் இக்குறை அதிகம் என்று வாங்கும்போது எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வழிகள் இரண்டு. ஒன்று, புரதம் குறைந்த உணவு, ஆன்டிபயாடிக், லாக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகு. மற்றொன்று, அறுவை சிகிச்சை. அந்தக் குழாயைச் சுற்றி ஒரு சிறு வளையத்தைப் பொருத்துவார்கள். உலோக வளையத்தின் உட்புறம் கேசீன், அதாவது பாலிலுள்ள புரதம். அது உடலின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, சில வாரங்களில் குழாயை மெல்ல மூடும். ஒரேயடியாக மூடினால், சிறுத்துப்போன கல்லீரலால் அத்தனை இரத்தத்தையும் ஏற்க முடியாமல் உயிரே போகக்கூடும். மெல்ல மூடினாலும் சில நாய்களுக்கு முதல் சில நாட்களுக்குள் வலிப்பு வருகிறது. வந்தவற்றில் பல பிழைப்பதில்லை.

லாக்டுலோஸ் எங்களுக்குப் புதிதல்ல. எங்களில் ஒருவரின் தந்தை, திருச்சியில் கல்லீரல் சுருங்கிப் படுத்திருந்தபோது இதே பாகைத்தான் குடித்தார். குடித்த சில நாட்களில் பெயர்கள் அவருக்குத் திரும்பி வந்தன. பிறகு மறுபடியும் போயின. ஆகவே, 'மருந்திலேயே ஓட்டிவிடலாம், கத்தி வேண்டாம்' என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, மற்றவருக்கு அந்தக் கட்டில் நினைவுக்கு வந்தது. மருந்து அறிகுறிகளை அடக்கும். இரத்தத்தின் பாதையை மாற்றாது. அதை அறிந்திருந்தும் இரண்டு மாதங்கள் ஒத்திப்போட்டோம். மருந்தால் அவள் தெளிந்திருந்தாள் என்பதே ஒத்திப்போடக் காரணமாயிற்று.

2014இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றைத் தேடி எடுத்தோம். அறுவை சிகிச்சை பெற்ற நாய்களே அதிக காலம் வாழ்ந்தன என்றது. ஆனால் அந்த நாய்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல. எந்த நாய்க்கு எந்தச் சிகிச்சை என்பது எங்களைப்போல எங்கோ ஓர் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து, பணத்தையும் பயத்தையும் எண்ணிப் பார்த்தவர்கள் முடிவு செய்தது. அதன்பின் அந்த எண்கள் எங்களுக்கு முன்போல் உறுதியாகத் தெரியவில்லை. பொய்யாகவும் தோன்றவில்லை.

உண்மையில் நாங்கள் அஞ்சியது கையெழுத்துக்குத்தான். மருந்தில் அவள் இறந்தால் அது நோய். மேசையில் இறந்தால் அது நாங்கள். இதை ஓர் இரவு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டபோது இருவருக்கும் வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை மருத்துவமனைக்குத் தொலைபேசினோம்.

சிகிச்சைக்குப்பின் அவளை அங்கேயே வைத்துக் கவனித்தார்கள். தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் முறைவைத்து விழித்திருந்தோம். வலிப்பு வரவில்லை. மூன்று மாதங்கள் கழித்துப் பித்த அமிலம் குறைந்திருந்தது; முழுமையாக இயல்புக்கு வரவில்லை. லாக்டுலோஸைச் சென்ற வாரம் நிறுத்தச் சொன்னார்கள்.

நேற்று மாலை பட்டு மறுபடியும் சுவரோரம் நின்றாள். இருவரும் எழுந்து ஓடினோம். எறும்பொன்று ஊர்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.