காதுக்கு எட்டாத புயலோசை

புயல் என்றால் அது நாகைக்கும் கடலூருக்கும் உரியது, நமக்கு வாய்த்தது வறட்சிதான் என்று தர்மபுரி மாவட்டத்தில் பலரும் எண்ணியிருந்தோம். ஃபெஞ்சல் புயல் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அப்புயல், வலுவிழந்த பின்னும் மேற்கே நகர்ந்து வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் 33 சென்டிமீட்டரும், 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. அதன் பிறகு புயலைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். அப்போது என்னை மிகவும் கவர்ந்த செய்தி, நாம் கேட்க முடியாத ஒரு குரல் புயலுக்கு உண்டு என்பதாகும்.

நம் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். அதற்கும் கீழான அதிர்வெண் உடையது குற்றொலி. பென்னாகரம், பாலக்கோடு காட்டோரங்களில் நடமாடும் யானைகள் இவ்வொலியில் பேசிக்கொள்பவை. ஆசிய யானைகளின் இந்தப் பேச்சை 1984-இல் அமெரிக்க மிருகக்காட்சிசாலை ஒன்றில் கண்டறிந்தவர் கேட்டி பெய்ன் என்னும் அம்மையார்.

புயலின் குரல் அதைவிடவும் தாழ்ந்தது. கடலில் புயல் எழுப்பும் அலைகள், எதிர்த்திசையிலிருந்து வரும் அலைகளோடு மோதும்போது நீர்ப்பரப்பு ஒரே சீராக ஏறி இறங்குகிறது. அந்த அசைவு மேலே காற்றையும் கீழே கடலடித் தரையையும் தட்டுகிறது. ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒரு துடிப்பு, அதாவது 0.2 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், இதன் அலைநீளம் 1,700 மீட்டர் ஆகிறது! இத்தகைய நீண்ட அலையைக் காற்று எளிதில் விழுங்கிவிடுவதில்லை. ஆகவே அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது.

இவ்வோசையைத் தரை வழியே கேட்ட பெருமை நம் நாட்டு விஞ்ஞானி ஒருவருக்கும் உண்டு. பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் பணியாற்றிய சுதான்சு குமார் பானர்ஜி, நில அதிர்வுக் கருவியில் பதிவாகும் நுண் அதிர்வுகளை இந்தியக் கடல்களின் புயல்களோடு ஒப்பிட்டு 1930-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். செயற்கைக்கோள் இல்லாத காலம் அது! பின்னர் 1944-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் இந்தியத் தலைமை இயக்குநரானவரும் அவரே.

காற்று வழியே கேட்பதற்கு மிக நுண்ணிய காற்றழுத்தமானிகள் வேண்டும். சாதாரணக் காற்றின் சலசலப்பே இவற்றுக்குப் பெரும் பகை. அதனால் துளையிட்ட குழாய்களைத் தரையில் பரப்பி, பல இடத்து அழுத்தத்தைக் கலந்து சராசரியாக்குகிறார்கள். 1996-இல் உருவான அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை, உலகெங்கும் இத்தகைய 60 நிலையங்களுக்குத் திட்டமிட்டது. அணுகுண்டைக் கேட்க வைத்த காது, புயலையும் கேட்கிறது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அலைகள் எதிரெதிராக மோதும் இடம் பெரும்பாலும் புயலின் கண் அல்ல; புயல் கடந்து வந்த பாதையில், அதற்குப் பின்னால் இருக்கும். ஒலி வரும் திசையை மட்டும் பார்த்து ‘இதோ புயல்’ என்று சொல்லிவிட முடியாது. செயற்கைக்கோளுக்கும் ராடாருக்கும் துணையாக நின்று, கடல் கொந்தளிப்பின் அளவைச் சொல்வதே குற்றொலியின் பணி.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த ஒலி பிறப்பது கடலில். புயல் கரையேறி உள்நாட்டுக்குள் வந்துவிட்டால் அதன் காலடியில் கடல் இல்லை. ஒலியின் ஊற்று மெல்ல வற்றுகிறது. அரூரிலும் ஊத்தங்கரையிலும் பெருமழை பெய்தது அதன் பின்னரே அல்லவா? குரல் அடங்கிய புயல்தான் நம்மை நனைத்தது. கடற்கரை ஊருக்கு அபாயம் நீங்கிய வேளையில் நமக்கு அது தொடங்கிற்று.

ஆகவே கடலைக் கேட்கும் கருவியோடு, நம் ஊர்களில் மழையை மணிக்கு மணி அளக்கும் கருவிகளும் பெருக வேண்டும். ஏரிகளின் உபரிநீர்க் கால்வாய்கள் தூர் வாரப்பட்டுத் திறந்திருக்க வேண்டும். இயற்பியல் மாணவர்களாகிய நாம் கல்லூரி வளாகத்தில் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் குறித்து வரலாம். பானர்ஜியும் நாள்தோறும் வந்த பதிவுகளைப் பொறுமையோடு ஒப்பிட்டுத்தான் புயலின் குரலைக் கண்டார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.