பலன் தெரியாத குளிசை

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். லயத்தில் பிறந்து வாத்தியாரானவன் என்பதால் ஊரில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு. கிளினிக்கில் யாருக்காவது புதுக் குளிசை எழுதினால், கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். "இது என்னத்துக்கு சேர்?" நானும் சொல்வேன். அந்த மதிப்புதான் என்னைக் கெடுத்தது என்றால், "மதிப்பு இல்லீங்க, மண்டக்கனம்" என்பாள் மனைவி.

2018இல் ஒரு நாள் லயத்துப் படியேறும்போது நெஞ்சு படபடத்தது. பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஹட்டனில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, கண்டிக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்த சிங்கள டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகப் பேசினார். என் வலக்கை விரல்களை எடுத்து என் இடது மணிக்கட்டிலேயே வைத்து, "நீங்களே பாருங்க" என்றார்.

காமன்கூத்தில் தப்படிக்கிறவர் களைத்துப்போய்க் கீழே வைத்த தப்பைச் சின்னப் பயல் ஒருவன் எடுத்து அடிப்பானே, இரண்டு வேகமாக, பிறகு ஒன்றுமில்லை, பிறகு மூன்று சேர்த்து, அப்படி இருந்தது என் நாடி. ஓடிவிட்டு வந்தாலும் நாடி வேகமாகத்தான் அடிக்கும், ஆனால் அதில் ஒரு தாளம் இருக்கும். இதில் தாளமே இல்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த துண்டு கிளம்பினால் பெரும்பாலும் மூளைக்குப் போகும். "சின்ன வயசுல தொண்டை நோவு வந்து, அதுக்குப் பின்னால முழங்கால் வீங்கினதா?" என்று கேட்டார். வீங்கியது. ஒரே காம்பராவில் எட்டுப் பேர் படுத்தெழும்பிய வீடு எங்களுடையது. ஒருவருக்கு வந்த தொண்டை நோவு எல்லோருக்கும் வரும். வளர்கிற பிள்ளைக்கு வரும் நோவுதான் என்று அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தடவினாள். அது வாதக்காய்ச்சல். முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, இதயத்தின் வால்வு அப்படியே தடித்துவிட்டது.

இரண்டு குளிசை எழுதினார்கள். ஒன்று துடிப்பை நிதானமாக்க. மற்றது வார்ஃபரின், இரத்தம் உறையாமலிருக்க. அதற்கு ஒழுங்காக ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை வேண்டும். 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் இரத்தம் உறையும், கூடினால் கசியும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலையை விடச் சொல்லவில்லை. ஒரு நாள் கட்டுக்கட்டாகவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் சாப்பிடாதீர்கள், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார்கள். தேத்தண்ணியைப் பற்றி நான்தான் பயந்து கேட்டேன். வடித்துக் குடிப்பதில் பயமில்லையாம்.

முதல் குளிசை ஒரு கிழமையிலேயே வேலை செய்தது. படியேறினேன், படபடப்பு இல்லை. வார்ஃபரின் என்ன செய்ததென்று மட்டும் எனக்குத் தெரியவே இல்லை. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று கண்டி கிளினிக்குக்குப் போக ஒரு நாள் லீவு போவது தெரிந்தது. முகம் வழிக்கும்போது கீறினால் இரத்தம் நிற்காதது தெரிந்தது.

2022 மே மாத மழையில் கோவாப் பாத்தியில் நின்றபோது காலில் அட்டை ஏறியது. இந்த ஊரில் அட்டைக்கடி ஒரு விஷயமா? சவர்க்காரத்தைத் தேய்த்தால் விழுந்துவிடும். அன்று அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை. சாரம் நனைந்தது, இஸ்தோப்பில் கால்வைத்த இடமெல்லாம் சிவப்பு. உறையவிடாத சரக்கு அட்டையின் எச்சிலிலும் உண்டு. அதோடு என் குளிசையும் சேர்ந்துகொண்டது. இதை நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். பூஞ்சணம் பிடித்த புல்லைத் தின்ற மாடுகள் அமெரிக்காவில் இரத்தம் கசிந்து செத்தன. ஏனென்று தேடிய விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் லிங்க் கூட்டத்தாரின் வேலையிலிருந்து வந்ததுதான் வார்ஃபரின். 1948இல் அது கடைக்கு வந்தது எலி மருந்தாக. 1955இல் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கும் இதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். அதையும் படித்திருந்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு ஞாபகம் வந்தது எலி மட்டும்தான்.

பலன் தெரிந்த குளிசையை வைத்துக்கொண்டேன், தெரியாததை நிறுத்தினேன். நாட்டில் பெட்ரோல் இல்லாத காலம். பஸ் கஷ்டத்தைப் பார்த்து இரண்டு மாத மருந்தைச் சேர்த்துத் தந்திருந்தார்கள். ஒவ்வொரு மாலையும் மனைவி தண்ணியோடு நீட்டுவாள். ஒன்று வாய்க்கு, ஒன்று சட்டைப்பைக்கு. பிறகு பழைய பால்மா டின்னுக்கு.

ஜூலையில் ஒரு மாலை, ஏழு மணியிருக்கும். ஆறாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சரி போட்ட சிவப்புக் கோடு நிற்காமல் சறுக்கிப் பக்கத்தின் ஓரம்வரை போனது. பேனையைப் பார்த்தேன். அது தரையில் கிடந்தது. நான் விட்டது எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோவில் கொஞ்சம் பெட்ரோல் ஒளித்து வைத்திருந்தான், உடனே போகலாம் என்றான். நான் தலையை ஆட்டி, படுக்கையைக் காட்டினேன். படுத்தெழும்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எண்ணெய் தடவிய அம்மாவின் பிள்ளைதானே.

விடிந்ததும் ஆஸ்பத்திரி. "எத்தனை மணிக்குத் தொடங்கிச்சு?" என்று டொக்டர் கேட்டார். "நேத்து ராவு ஏழு மணிக்கு சேர்" என்றாள் மனைவி. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் கணக்கு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த கேள்வி: "இரத்தம் உறையாமலிருக்க ஏதும் குளிசை போடுறாரா?"

"ஒரு நாள் தவறாம போடுறாரு சேர். நாந்தான் தண்ணி குடுப்பேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் மண்டைக்குள் நிற்கிறது, மூன்றே எழுத்து, இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை சொன்ன சொல். வாயிலிருந்து "தா... தா..." என்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடி "தா". மனைவி முந்தானையால் என் கடைவாயைத் துடைத்துவிட்டு, "பயப்படாதீங்க, நான் எல்லாம் சொல்லிட்டேன்" என்றாள்.

சற்று நேரத்தில் ஐ.என்.ஆர். துண்டு வந்தது. 1.1. குளிசையே போடாதவனுக்கு வருகிற கணக்கு. டொக்டர் அதை இரண்டு தரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வலக்கை போனது, வேலை போனது. பேச்சு பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. பெயர்கள் இன்னும் முழுதாக வரவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் பெட்ரோல் இல்லாத காலத்தின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன், எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவள் ஒருத்திதான். பால்மா டின்னை அவள் கண்டெடுத்து, மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணினாள். ஐம்பத்தெட்டு. கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் கணக்கப்பிள்ளையோடு சண்டைக்கு நிற்பவள், அன்று ஒன்றும் பேசவில்லை. டின்னை மூடி அலுமாரியின் மேல் வைத்தாள். இன்றும் அங்கேயே இருக்கிறது.

கொழும்பிலுள்ள அக்கா மகன், இரத்தப் பரிசோதனை வேண்டாத புதுக் குளிசைகள் வந்திருக்கின்றனவே என்றான். பலருக்கு அவைதான் வசதி. என்னைப் போல வாதக்காய்ச்சலில் வால்வு கெட்டவர்களுக்கு வார்ஃபரின்தான் மேல் என்று 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இந்தத் தடவை முழுப் பக்கத்தையும் படித்தேன்.

இதை இடக்கையால் நாலு நாளாக எழுதினேன். மாலை ஆறு மணிக்கு மனைவி வார்ஃபரினைத் தருகிறாள். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். நாக்கைத் தூக்கியும் காட்டுகிறேன். போன கிளினிக்கில் 2.4.