கண்ணபுரத்தில் ஒரு காளை

கடந்த நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலைத் திருப்பலியில், லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் வரும் பெரிய விருந்தின் உவமை வாசிக்கப்பட்டது. அழைக்கப்பெற்றவருள் ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான். மற்றொருவன் ஐந்து சோடி ஏர்மாடுகளை வாங்கியிருக்கிறான். அவற்றை ஓட்டிப் பார்க்கப் போவதாகச் சொல்லி விருந்துக்கு வர மறுக்கிறான். உலகப் பற்று இறையழைப்பை எங்ஙனம் மறக்கச் செய்கிறது என்று வழக்கம்போல் விளக்கி முடித்தோம். திருப்பலிக்குப் பின் நமது பங்கின் முதிய குடியானவர் ஒருவர் ஆலய வாசலில் காத்து நின்றார்.

"ஏனுங்க சாமி, அந்த மாடு வாங்கினவன் சொன்னது பொய்தானுங்களே?" என்றார். நாம் விழித்தோம். "அஞ்சு சோடி மாட்டை வாங்கிக் கட்டிப்போட்டு, அப்புறமா ஓட்டிப் பார்க்கிறவன் எந்த ஊர்லீங்க இருக்கான்? ஓட்டிப் பார்த்துட்டுத்தானுங்க விலையே பேசோணும்!"

குருமடத்தில் மறைநூல் விரிவுரைகளை ஆண்டுக் கணக்கில் கேட்டவர் நாம். கால் நூற்றாண்டாக இவ்வுவமையை மேடையில் விளக்கியும் வந்திருக்கிறோம். அந்தச் சாக்கு ஓர் உழவனின் காதில் எப்படி விழும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவிநாசியை அறிந்தவர்கள், இங்கே மாட்டுப் பேச்சுக்கு என்ன இடம் என்று கேட்கக்கூடும். சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஊரை ஒட்டி இரைந்துகொண்டே இருக்கிறது. திருப்பூர்ச் சாலையில் பனியன் கம்பெனிகள். சுற்றுக் கிராமங்களில் விசைத்தறிகளின் ஓசை. ஆனால் ஊரைவிட்டு இரண்டு கல் தொலைவு நடந்தால் கிணறும் சோளக்காடும் கட்டுத்தறியும் இன்னும் உள்ளன. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டு, பவானி ஆற்று நீர் 1,045 குளம் குட்டைகளுக்கு என்று குழாய்களில் புறப்பட்டபோது, கம்பெனி வேலைக்குப் போகும் இளைஞர்கள்கூட மதகடியில் நின்று வேடிக்கை பார்த்ததைக் கண்டோம். மண் அவர்களை முற்றிலும் விட்டுவிடவில்லை.

மேற்சொன்ன பெரியவரின் மகள்வழிப் பேரன் அப்படிப்பட்ட ஓர் இளைஞன். பகலில் தையல் எந்திரம், இரவில் ஓவர்டைம். மனமெல்லாம் ரேக்ளாப் பந்தயம். கொங்கு நாட்டில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்த தூரத்திற்கு இலகுவான வண்டியில் இரு காளைகளைப் பூட்டி விடுவர். வினாடிக் கணக்கில் வெற்றி தோல்வி. 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சல்லிக்கட்டுடன் மாட்டுவண்டிப் பந்தயங்களும் நின்றன. 2017-இல் தமிழக அரசு கொணர்ந்த சட்டத் திருத்தத்திற்குப் பின் இப்பக்கத்து ஊர்களில் ரேக்ளாவும் திரும்பிற்று. இவனிடம் இடப்பக்கம் பூட்டும் காளை ஒன்று இருந்தது. வலத்துக்கு ஒன்று வேண்டும். ஐந்தாண்டுச் சேமிப்பு ஒன்றரை இலட்சம்; அதில் தங்கையின் திருமணத்திற்கென்று தாய் சீட்டுப் போட்டு எடுத்த பணமும் கலந்திருந்தது. "நீங்க கூடப் போங்க சாமி. நீங்க நின்னா அவன் கண்ணை மூடிக்கிட்டு ஏமாறமாட்டான்" என்று அத்தாய் அழுதபோது மறுக்க இயலவில்லை. மாட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தது அதன் பாலின் நிறம் மட்டுமே.

சித்திரை மாதம். அவிநாசிப் பெருந்தேருக்கு ஊர் ஆயத்தமாகிக் கொண்டிருந்த நாள்களில், ஒரு விடியற்காலை வீட்டுக் காளையையும் சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு, அப்புச்சியும் பேரனும் நாமுமாகப் புறப்பட்டோம். திருப்பூர் கடந்து காங்கயம் சேர்ந்தோம். அரிசி ஆலைகளும், களங்களில் காயும் தேங்காய்ப் பருப்பின் மணமும் அவ்வூருக்கே உரியவை. அதற்கப்பால் கொரங்காடுகள். கிளுவை முள்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மழை குறைந்த இந்தச் செம்மண்ணில் இம்மூன்றையும் சேர்த்துக் காத்த உழவரின் அறிவே காங்கயம் மாட்டை வளர்த்தது என்று பெரியவர் வழிநெடுகச் சொல்லிவந்தார். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தைத் தேர்ந்து பெருக்கிய கதையும் அவர் வாயிலாகக் கேட்டோம்.

வெள்ளகோவிலுக்குச் சற்று முன்பாக, ஓலப்பாளையத்தை அடுத்துள்ளது கண்ணபுரம். அங்கே மாரியம்மன் கோவில் திருவிழாவை ஒட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தை காங்கயம் இனத்திற்குப் பேர்பெற்றது. கண்ணுக்கெட்டிய மட்டும் திமில்கள்! செந்நிறக் கன்றுகள் நிற்கின்றன. அவை சில மாதங்களில் நிறம் மாறிச் சாம்பலாகும். வயது வந்த காளைகளுக்குக் கழுத்தும் திமிலும் கருத்திருக்கும். துண்டின் மறைவில் இருவர் விரல்களைப் பற்றி விலை பேசுகின்றனர். பக்கத்தில் நிற்பவனுக்கும் தொகை தெரியாது. ஆலயக் கணக்கையே ஒலிபெருக்கியில் படிக்கும் நமக்கு இந்த இரகசியம் வியப்பாயிருந்தது.

பேரனின் கண் ஒரு காளையின்மேல் விழுந்தது. எண்ணெய் பூசிய உடல், சீவிய கொம்பு, தரையைப் பிறாண்டும் முன்கால். நாமே மயங்கினோம். பெரியவர் மட்டும் அதன் வாயைப் பிரித்தார். மேல் தாடையில் முன்பற்களே இல்லாதது கண்டு, "விழுந்துவிட்டனவோ?" என்று நாம் வினவ, அருகிலிருந்தோர் சிரித்தனர். மாட்டினத்திற்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டுமே, எட்டு. பால்பற்கள் விழுந்து இரண்டு வயதுக்குமேல் முதற்சோடி நிலைப்பற்கள் முளைக்கும். நாலு, நாலரை வயதளவில் எட்டும் நிறையும். விற்பவர் சொல்லும் வயதைவிடப் பல் சொல்லும் வயதே வயது. இக்காளை நாலு பல், குறையில்லை.

பின் கழுத்தை அழுத்தி நுகத்தடிப் புண் தேடினார். குளம்புகளைத் தட்டினார். புழுதியில் நடக்கவிட்டு அதன் தடத்தைக் குனிந்து பார்த்தார்: முன்கால் பதிந்த இடத்தில் அல்லது அதைத் தாண்டிப் பின்கால் விழவேண்டுமாம், பிந்தி விழுந்தால் வேகமில்லை. காலையில் வயிறு புடைக்கத் தண்ணீர் காட்டி மாட்டைப் பருமனாக்கும் வியாபாரிகளும் உண்டு என்பதால், வெயில் ஏறும்வரை வேறு மாடுகளைப் பார்ப்பதுபோல் சுற்றிவந்து மீண்டும் விலாவைப் பார்த்தார். இத்தனையிலும் அக்காளை தேறியது.

இந்தப் பொறுமையை வேறொரு நாட்டில் நாம் கண்டிருக்கிறோம். ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதிப் பங்கொன்றில் ஒரு குளிர்காலம் உதவிக் குருவாக இருந்தோம். அவ்வாலயத்துக் கோயிற்பிள்ளை பனிச்சறுக்கில் வல்லவர். செப்பனிட்ட சரிவில் விரைந்து இறங்கும் உயர்தரச் சறுக்குக் கட்டை ஒரு சோடி வாங்க விரும்பினார். அங்கே கடைக்காரரே சிறு வாடகைக்கு ஓட்டிப் பார்க்கத் தருகிறார். அம்மனிதர் மூன்று சோடிகளை, தம் சொந்தக் காலணியை அணிந்து, ஒரே சரிவில், ஒரே காலையில் மாற்றி மாற்றி ஓட்டினார். காலையில் இறுகிய பனியில் நன்கு பிடிக்கும் கட்டை பிற்பகல் இளகிய பனியில் வேறுவிதமாக நடக்குமாதலால், அவற்றையே மாலையிலும் பார்த்தார். பந்தய வீரருக்கென்று செய்த விறைப்பான கட்டை எடை குறைந்தவருக்கு வளைந்து கொடுக்காது. விலை மிகுந்ததே தமக்கு நல்லது என்பதில்லை என்றார். முடிவில் அவர் வாங்கியது விலை குறைந்த சோடி.

கண்ணபுரத்திலும் சொந்தக் காளையோடு சோடி சேர்த்து ஓட்டினால்தான் உண்மை தெரியும். அதற்கென்றே வீட்டுக் காளையை ஏற்றிச் சென்றிருந்தோம். வண்டி ஒன்றை இரவல் பெற்றுப் பூட்டினர். விற்பவரின் ஆளே ஏறி ஓட்டினான். அம்மம்ம, அது ஓட்டமா, பறத்தலா! கூட்டம் சீழ்க்கையடித்தது. பேரன் மடியிலிருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் மூச்சிரைத்து நின்ற காளையின் பின்புறம் சென்று வாலடியில் உள்ளங்கையை வைத்தார். அது துள்ளி விலகிற்று. கையைத் திருப்பி நமக்குக் காட்டினார்: எண்ணெயோடு கலந்த இரத்தம். ஆணி பதித்த குச்சி! இத்தகைய குச்சியை 1965-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்துள்ளன; ஆயினும் உள்ளங்கையில் மறைத்தால் யார் காண்பது?

"கண்ணு, இப்ப நீ ஏறு. குச்சி வேண்டாம். கயிறு மட்டும் போதும்."

பேரன் ஏறினான். நம் வீட்டுக் காளை இழுத்தது. அந்தக் காளை அசையவில்லை. வண்டி இருந்த இடத்திலேயே வட்டமாகத் திரும்பிற்று. அது பின்னால் வரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. விற்பவர் விலையை முப்பதாயிரம் குறைத்தார். இளைஞனின் கண்கள் கலங்கின. இறங்கி, அந்தக் காளையின் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டு வந்தான். நமக்கும் தொண்டை அடைத்தது. அதை வாங்கி விடுவித்துவிடலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று. அது நம் பணமன்று.

மாலையில், கூட்டம் ஒதுங்கிய ஓரத்தில், எவரும் விலை கேட்காத இன்னொரு காளையைப் பெரியவர் கண்டுபிடித்தார். பல், கால், தடம் எல்லாம் சரி. குச்சியின்றி மூன்று முறை சீராக ஓடிற்று. முந்தியதன் வேகம் இல்லை. ஏன் விலை போகவில்லையென்றால், முதுகில் பாடைச் சுழி! மயிர் சுழித்திருக்கும் வடிவைக் கொண்டு நன்மை தீமை கணிப்பது மாட்டுச் சந்தையின் பழைய சாத்திரம். பாடைச் சுழி உடையவனைக் கொன்றுவிடும் என்பார்கள். சுழியால் மாட்டின் கால் நீளுவதுமில்லை, குறுகுவதுமில்லை. விலை மட்டும் குறைகிறது. இதை நாம் சொன்னபோது பெரியவர், "அது தெரிஞ்சுதானுங்க சாமி இத்தனை நேரம் காத்திருந்தேன்" என்றார். எழுபதாயிரத்துக்கு முடிந்தது. மிச்சப் பணம் தாயின் கைக்குத் திரும்பும்.

வீடு சேர இரவு பத்து மணியாயிற்று. தாய் விளக்கோடு வந்து பணத்தை எண்ணினாள்; முகம் மலர்ந்தது. பின் காளையைச் சுற்றி வந்தவள் முதுகைக் கண்டதும் விளக்கைக் கீழே வைத்துவிட்டாள். தன் தகப்பனாரைக் கடிந்து பேசிய பிறகு நம்மிடம் திரும்பி, தாழ்ந்த குரலில், "சாமி, நானும் இதையெல்லாம் நம்புறதில்லீங்க. ஆனாலும், அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சுருங்க" என்றாள்.

கொம்பு முதல் வால்வரை காளை முழுவதையும் நனைத்தோம். அருகில் நின்ற பழைய காளைக்கும் தெளித்தோம். சிரித்துக்கொண்டு நின்ற பெரியவரையும் விட்டுவைக்கவில்லை.