கையெழுத்துப் போடாதவரின் வீடு

டெலவேர் மாநிலத் தலைநகர் டோவரைத் தாண்டினால் மேடு பள்ளமே இல்லை. மக்காச்சோளம், சோயா, நடுநடுவே சதுப்பு. பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருப்பதால் ராட்சதச் சரக்கு விமானங்கள் தாழப் பறந்து காதை அடைக்கின்றன. அந்த இரைச்சலுக்குக் கீழே நிற்கிறது ஜான் டிக்கின்சன் வளர்ந்த செங்கல் வீடு. அப்பா சாமுவேல் 1740-ல் கட்டியது. 1804-ல் தீப்பிடித்து எரிந்தபின் மகன் மறுபடி எழுப்பினார்.

ஜெபர்சன், ஃபிராங்க்ளின் அளவுக்கு இவர் பெயர் பரவவில்லை. காரணம் ஒன்றுதான்: 1776 சுதந்திரப் பிரகடனத்தில் இவர் கையெழுத்து இல்லை. அதற்கு எட்டொன்பது வருஷம் முன்பே, உழவர் ஒருவர் எழுதுவதுபோல் பத்திரிகைகளில் கடிதம் கடிதமாக எழுதி, பிரிட்டிஷ் வரிக்கு எதிராகக் குடியேற்றங்களைத் தட்டி எழுப்பியவர் இவர். ஆனால் பிரியும் நேரம் வந்தபோது, "இன்னும் கூட்டமைப்பும் இல்லை, வெளிநாட்டுத் துணையும் இல்லை, பொறுங்கள்" என்று வாதாடினார். பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக இருந்தவர், ஜூலை 2 வாக்கெடுப்பின்போது அவைக்குப் போகாமல் ஒதுங்கிக்கொண்டார். அதனால் அந்த மாநிலத்தின் வாக்கு விடுதலைக்கு விழுந்தது. கோழை என்று ஏசினார்கள். அவரோ தன் படைப்பிரிவுடன் நியூ ஜெர்சி எல்லைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

ஆனால் வீட்டைவிட்டு வெளியே வந்தால் அந்தப் பிரியம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றைக் குடிசை. ஏழைக் குடியானவர்களும் அடிமைகளும் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டப் பிற்காலத்தில் எழுப்பியது. பெரிய வீட்டின் உயரமான ஜன்னல்களைப் பார்த்துவிட்டு இதற்குள் நுழைந்தால் மூச்சு முட்டுகிறது. கடிதம் எழுதிய 'உழவர்' உண்மையில் லண்டன் மிடில் டெம்பிளில் படித்த வக்கீல். இங்கே உழுதவர்கள் வேறு ஆட்கள். சம்மதமில்லாமல் வரி கட்டுகிறவன் அடிமை என்று எழுதியவரிடம் நிஜமான அடிமைகள் ஏராளம் இருந்தார்கள். 1777-ல் அவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார். இன்னும் 21 வருஷம் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு! 1786-ல்தான் நிபந்தனையைக் கைவிட்டார். தாமதம்தான், ஆனாலும் ஜெபர்சன் இந்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை.

அந்த மக்களைப் புதைத்த இடுகாடு 2021-ல்தான் இந்த நிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் பொறித்த கல் கிடையாது.

டிக்கின்சனின் கல்லறை இங்கே இல்லை. 1808-ல் வில்மிங்டனில் இறந்து, அங்கேயே குவேக்கர் இடுகாட்டில் அடக்கமானார். பென்சில்வேனியாவில் இவர் பெயரில் ஒரு கல்லூரியே நடக்கிறது.

ஃபிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்தைப் பார்க்கப் போகிறவர்கள் காரில் இன்னொரு ஒன்றரை மணி நேரம் தெற்கே வாருங்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் கிளம்பிவிடாமல், வழிகாட்டியிடம் அந்த இடுகாட்டைப் பற்றியும் கேளுங்கள்.