கொழுந்து லொறியின் பின் அச்சு

திங்கள், நோர்வூட்

அந்திக் கொழுந்தைத் தேயிலை ஸ்டோரில் இறக்கிவிட்டு டிரைவர் அண்ணன் லொறியை நேரே வேர்க்‌ஷொப்புக்குக் கொண்டுவந்தார். "பாஸ், பின்னுக்கு ஒயில் சொட்டுது. ஏறுறப்போ இல்ல, எறங்கி வாறப்போதான் கூட."

அடியில் அட்டை விரித்துப் பார்த்தோம். எஞ்சின் ஒயிலின் கறுப்பு இல்லை. பிரேக் ஒயிலைப் போலத் தண்ணியாகவும் இல்லை. கெட்டியாக, விரலில் தேய்த்தால் கந்தக வாடை. கியர் ஒயில். டிஃபரென்ஷியலில் இருந்துதான் வருகிறது.

இறக்கத்தில் கூடச் சொட்டுகிறது என்று அண்ணன் கவனித்தது பெரிய உதவி. டிஃபரென்ஷியலின் முன்வாயில் பினியன் இருக்கிறது. ஏற்றத்தில் ஒயில் பின்னுக்கு ஒதுங்கிவிடும். இறக்கத்தில் முன்னுக்கு வந்து பினியன் சீலை மூடி நிற்கும்.

செவ்வாய்

ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்கு இழுத்துப் பூசிவிடும். நனைந்த இடத்தையெல்லாம் கசிகிற இடம் என்று எண்ணினால் தேவையில்லாத சாமான்தான் வாங்குவோம். ஹவுசிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காயத் துடைத்து, சோக்குத் தூள் தூவி, வெறும் லொறியை மெதுவாக ஓட்டி வரச் சொன்னேன்.

திரும்பி வந்ததும் தூளே காட்டிக் கொடுத்தது. பினியனைச் சுற்றி ஈரம். அதற்கு நேர் மேலே தளத்தில் வட்டமாகத் தெறிப்பு. ட்ரெயின் பிளக்கும் ஹவுசிங் பெக்கிங்கும் காய்ந்தே இருந்தன. ஆனால் இடது சில்லின் உட்பக்கத்திலும் ஒரு கோடு இறங்கியிருந்தது.

இரண்டு சீல் ஒரே சமயத்தில் விட்டால் சீலை மட்டும் குறை சொல்ல முடியாது. அச்சின் மேலே காற்றுப் போக உள்ள பிரீதரைச் சுரண்டிப் பார்த்தேன். சேறும் பழைய ஒயிலும் இறுகி அடைத்திருந்தது. கழற்றியதும் உள்ளே அடைபட்ட காற்று சீறியது.

மலை ஏறினால் ஒயில் சுடும், உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வரும். மழையில் அச்சு குளிர்ந்தால் அதே வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதரை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் கசியும்.

புதன்

இடது ட்ரம்மைக் கழற்றினோம். லைனிங்கில் ஒயில் ஊறியிருந்தது. பெட்ரோலில் கழுவினாலும் உள்ளே ஊறியது போகாது. சூடேறினால் திரும்ப வெளியே வரும். இரண்டு பக்கமும் புதிது போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது லொறி ஒரு பக்கம் இழுக்கும்.

தோட்டத் தொரையிடம் போய், லொறி ஓடக்கூடாது என்றேன். கொழுந்தை டிரெக்டரில் ஏற்ற ஒத்துக்கொண்டார். இந்த லொறியில் கொழுந்து மட்டுமா போகிறது? மேல்மலைக்கு ஆட்கள் போகிறார்கள், லயத்தில் யாருக்காவது முடியாவிட்டால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் இதுதான். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா–ரதல்ல இறக்கத்தில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதி ஏழு பேர் செத்தார்கள். இந்தப் பக்கத்துப் பாதைகளில் பிரேக் என்பது உயிர். சொட்டுக் கசிவுதானே என்று தினம் ஒயில் ஊற்றிக்கொண்டு ஓடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

வெள்ளி

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து சீல்கள் வந்துவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வண்டியைப் பேணுவது இன்னும் பெரிய வேலையாகிவிட்டது.

எக்ஸலை இழுத்துவிட்டு, நட்டைத் தளர்த்துமுன் பினியனைச் சுற்றிக் கயிறு கட்டி, வில் தராசால் இழுத்து, சுழல எவ்வளவு பலம் கேட்கிறது என்று குறித்தேன். நட்டிலும் தண்டிலும் கோடு போட்டேன். உள்ளே நசியும் குழாய் ஒன்றுதான் பெயரிங்கின் இறுக்கத்தைத் தாங்குகிறது. மீறி இறுக்கினால் பெயரிங் சுட்டுக் கெடும். பிறகு தளர்த்தினாலும் நசிந்த குழாய் பழையபடி வராது. சீல் உதட்டுக்குக் கிரீஸ் பூசி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் தராசைப் பார்த்தேன்.

ஒயிலை வடிக்குமுன் நிரப்புகிற பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அது இறுகிப்போயிருந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. ட்ரெயின் பிளக்கின் காந்தத்தில் மாவு போன்ற பொடி மட்டும். பல் உடைந்த துண்டு இல்லை. கையேட்டில் உள்ளபடி ஜிஎல்-5 ஒயிலை, சமதரையில், துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றினேன். பிரீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டிச் சேஸி உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். இனிச் சேறு எட்டாது.

பழைய ஒயிலைக் கானில் ஊற்ற விடவில்லை. இங்கே கானில் போவது கெஹெல்கமு ஓயாவில் விழுந்து களனி கங்கையோடு சேரும். கொழும்பில் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதியை அந்தக் கங்கையில்தான் எடுக்கிறார்கள். மூடி போட்ட கேனில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு

புது லைனிங் போட்டு, முழுப் பாரத்தோடு மேல்மலை ஏறி இறங்கியாயிற்று. தூள் காய்ந்தே இருக்கிறது. ட்ரம் சூடும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

சர்விஸ் கொப்பியில் ஒயில் மாற்றிய திகதிக்கு இடம் உண்டு, பிரீதருக்கு இல்லை. கோடு கிழித்து ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். நாளைக்கு டிரெக்டரின் பிரீதரைப் பார்க்க வேண்டும்.