தண்ணீருக்கு இடங்கொடுத்த நாடு

பூகோள பாடத்தில் ஈடுபாடு மிக்க மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் இரு வினாக்களைத் தொடுத்தான். ஒல்லாந்தர் நாட்டிற் காணத்தக்க சின்னங்கள் எவை என்பது ஒன்று. மாறிவரும் காலநிலையைச் சமாளிக்க அந்நாட்டார் என்ன செய்கின்றனர் என்பது மற்றொன்று. இரண்டையும் வெவ்வேறு வினாக்களாகவே அவன் எண்ணியிருந்தான். உண்மையில் இரண்டுக்கும் விடை ஒன்றே. அந்நாட்டின் புகழ்பெற்ற சின்னங்கள் பல, நீரோடு அம்மக்கள் நடத்திவரும் நெடும் போராட்டத்தின் அடையாளங்களே.

யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோண வடிவிற் கட்டிய ஒல்லாந்தரை நாம் அறிவோம். அவர்தம் தாய்நாடாகிய நெதர்லாந்தை நாம் அத்துணை அறிந்திலோம். அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றது. பன்னாட்டு விமானங்கள் வந்திறங்கும் ஸ்கிப்போல் நிலையமே, 1852ஆம் ஆண்டில் நீரிறைத்து வற்றச்செய்த ஓர் ஏரியின் அடித்தளத்தில் அமைந்ததாகும்.

முதலிற் காணவேண்டிய இடம் கின்டர்டைக். றொட்டர்டாம் நகருக்கு அணித்தாக, வாய்க்கால்களின் ஓரத்தில் 19 காற்றாலைகள் அணிவகுத்து நிற்கின்றன. பெரும்பாலானவை 1738க்கும் 1740க்கும் இடையில் எழுந்தவை. 1997இல் இவ்விடம் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. மாவரைப்பதற்காக எழுந்த ஆலைகள் அல்ல இவை. நம்மூர்த் துலா கிணற்று நீரை நிலத்துக்கு ஏற்றியது. இவையோ நிலத்து நீரை இறைத்து வெளியேற்றின. இதில் விந்தை யாதெனில், நீரை இறைக்க இறைக்கச் சதுப்பு மண் சுருங்கி நிலம் மேலும் தாழ்ந்தது. தாழ்ந்தமையால் மேலும் இறைக்க வேண்டியதாயிற்று.

1953 ஜனவரி 31ஆந் திகதி இரவு, பூரணையை அடுத்த கடற்பெருக்கும் கொடும்புயலும் ஒன்றுசேர்ந்தன. அணைகள் உடைந்தன. உறக்கத்திலிருந்த ஊர்களுட் கடல் புகுந்தது. நெதர்லாந்தில் மாண்டவர் தொகை 1,836. அந்தத் துயரத்திலிருந்து பிறந்தவையே டெல்டா வேலைகள் எனப்படும் மாபெரும் அணைத்தொகுதிகள்.

அவற்றுள் ஓஸ்டர்ஸ்கெல்ட அணை ஒரு தனிப் பாடம் புகட்டுகின்றது. அக்கடல்வாயை முற்றாக அடைத்துவிடுவதே முதலில் இருந்த திட்டம். அடைத்தால் சிப்பியும் மட்டியும் அழியுமென மீனவரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தனர். அரசு செவிசாய்த்தது. 62 உருக்குக் கதவுகள் கொண்ட அணை 1986இல் திறந்துவைக்கப்பட்டது. அக்கதவுகள் எந்நாளும் திறந்தே இருக்கும். பெரும்புயல் வரும்போது மாத்திரம் மூடப்படும். றொட்டர்டாம் துறைமுகத்தைக் காக்கும் மாஸ்லன்ட் தடுப்பு 1997இல் எழுந்தது. ஒவ்வொன்றும் 210 மீற்றர் அகலமான அதன் இரு கதவுகள், 2023 டிசெம்பரில் கடல் உயர்ந்தபோது கணினியின் கட்டளையால் தாமாகவே மூடிக்கொண்டன.

ஆயினும் கதவடைப்பது விளைவைத் தடுக்குமேயன்றிக் காரணத்தை நீக்காது. உலகைச் சூடாக்கும் வாயுக்களை அந்நாட்டு ஆலைகளும் வாகனங்களும் வெளியிட்டே வந்தன. இதனைக் கண்டு பொறாத உர்கெண்டா என்னும் அமைப்பும் ஏறத்தாழ 900 குடிமக்களும் தம் அரசின்மீதே வழக்குத் தொடுத்தனர். 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதத்தையேனும் 2020 முடிவதற்குள் குறைத்தாக வேண்டுமென்ற தீர்ப்பை, 2019 டிசெம்பர் 20ஆந் திகதி உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. உலகெங்கும் பேசப்பட்ட தீர்ப்பு அது.

தீர்ப்பினால் வானம் உடனே மாறிவிடாது. வருகின்ற நீருக்கு வழியும் வேண்டும். 1995இல் ஆறுகள் பெருகியபோது ஏறத்தாழ 2,50,000 மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. கரைகளை உயர்த்திக்கொண்டே போவதில் முடிவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. 'ஆற்றுக்கு இடம்' என்னும் திட்டம் உருவாயிற்று. ஓவர்டீப் என்ற தாழ்நிலத்து உழவர் தாமே ஒரு யோசனை கூறினர்: வெள்ளம் வயல்களில் ஏறட்டும், வீடுகளையும் தொழுவங்களையும் மேடுகளின்மேல் அமைப்போம் என்றனர். அவ்வாறே மேடுகள் எழுந்தன. எனினும் எல்லார்க்கும் அங்கு இடம் போதவில்லை. சில குடும்பங்கள் பிறந்த மண்ணை விட்டு வேற்றூர் சென்றன.

கடலை வென்ற நாடு என்று நெதர்லாந்தைப் புகழ்வது வழக்கம். வெல்லும் ஆற்றலினும் அரியது, விட்டுக்கொடுக்கும் இடத்தை அறிந்து விட்டுக்கொடுப்பது. அதற்குரிய விலையை யாரோ சிலர் கொடுக்கவேண்டியிருக்கின்றது. மாணவர்கள் நைமேகன் நகரின் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்களாக. அங்கு ஓடும் வால் என்னும் நதியின் கரை 350 மீற்றர் உள்வாங்கப்பட்டு, புதிய கால்வாயொன்று வெட்டப்பட்டுள்ளது. இடையே பழைய படத்தில் இல்லாத ஒரு தீவு தோன்றும். கரை நகர்ந்தபோது வீடிழந்த குடும்பங்களின் பெயர்கள் எந்தப் படத்திலும் இரா. அத்தீவைக் காணும்போது அவர்களையும் நினைத்தல் வேண்டும்.